குலுக்காதீர்கள் என்று ஏன் எழுதியிருக்கிறது?

ஆன்டிபாடி மருந்துக் குப்பியில் ‘குலுக்கக் கூடாது, மெதுவாகச் சுழற்றலாம்’ என்று போட்டிருக்கிறது. இரண்டும் கலக்குவதுதானே?

கலக்குவதுதான். ஆனால் ஒன்றில் நுரை வரும், இன்னொன்றில் வராது. ஆன்டிபாடி என்பது ஒரு புரதம். அதன் மூலக்கூறு தன் நீர்வெறுக்கும் பகுதிகளில் பெரும்பாலானவற்றை உள்ளே மடித்து வைத்திருக்கிறது. நீரும் காற்றும் சந்திக்கும் பரப்புக்கு வந்துவிட்டால், அந்தப் பகுதிகள் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். மடிப்பு கொஞ்சம் தளரும், பக்கத்தில் இருப்பதோடு ஒட்டும், மெல்லிய தோல் போலப் படலம் உண்டாகும்.

சும்மா நிற்கும் குப்பியில் இது பெரிய விஷயமில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பை நிரப்ப ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிகிராம் புரதம் போதும். குப்பிக்குள் இருக்கும் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் உட்காருவது ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. குப்பியில் 100 மில்லிகிராம் மருந்து இருந்தால் இதெல்லாம் ஒரு கணக்கா? குலுக்கும்போதுதான் கதை மாறுகிறது. படலம் நசுங்கி, மடிந்து, கிழிந்து, துண்டுகளாகத் திரவத்துக்குள் விழுகிறது. காலியான இடத்தில் புதுப் படலம், அப்புறம் அதுவும் கிழிகிறது. நூறு முறை குலுக்கினால் நூறு அறுவடை. விழுந்த துண்டுகள் திரள்களாகவே தங்கிவிடும், பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை.

அப்படியானால் அடர்த்தி கூடக் கூட ஆபத்தும் கூடுமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பரப்பில் இடம் அளவானது, அது நிரம்பிய பிறகு கூடுதல் புரதத்துக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. அதனால் நீர்த்த கரைசலில்தான் கெடும் பங்கு பல நேரம் அதிகம். அடர்த்தியான மருந்துக்குப் பாகுத்தன்மை போன்ற வேறு தலைவலிகள் உண்டு.

மருந்தில் பாலிசார்பேட் என்ற சோப்பு போன்ற பொருளை எதற்காகச் சேர்க்கிறார்கள்?

இடம் பிடிக்க! ஆன்டிபாடி மூலக்கூறின் எடை சுமார் 1,50,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), பாலிசார்பேட் 80 ஏறக்குறைய 1,300. சிறியது வேகமாக ஓடிப் பரப்பை முதலில் பிடித்துக்கொள்கிறது, புரதத்துக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. நூற்றில் 0.01 முதல் 0.1 பங்கு வரை சேர்த்தாலே போதும். ஆனால் காவலாளிக்கும் காவல் தேவைப்படுகிறது. ஆன்டிபாடியை உற்பத்தி செய்த செல்களிலிருந்து கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் நொதி மிகச் சிறிதளவு மிச்சமிருந்தால், அது மாதக்கணக்கில் பாலிசார்பேட்டை அரித்துவிடும். அப்போது வெளிப்படும் கொழுப்பு அமிலங்களே கண்ணுக்குத் தெரியும் துகள்களாக வருவதும் உண்டு. புரதம் திரண்டுவிட்டது என்று நினைத்து நாங்கள் பல நாள் தேடிய துகள், கடைசியில் கொழுப்பு அமிலமாக இருந்த அனுபவம் எனக்கே உண்டு.

நான் செவிலியர். மருந்தை உப்புநீர்ப் பையில் கலந்த பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

மிக நல்ல கேள்வி. பையில் ஊற்றும்போது ஆன்டிபாடியோடு பாலிசார்பேட்டும் நீர்த்துப்போகிறது. காவல் குறைந்த நேரம் இதுதான். பையைத் தலைகீழாக மெதுவாகப் புரட்டிக் கலக்குங்கள், உதற வேண்டாம். மருத்துவமனைக் காற்றுக்குழாய் வழியாக அனுப்பும்போது பை கடுமையாகக் குலுங்கும், அதனால் அந்த மருந்துக்கு அது அனுமதிக்கப்பட்டதா என்று மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தூளாக வரும் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்றவற்றில் நீரைக் குப்பியின் சுவரில் வழியவிட்டுச் சுழற்றி, 5 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். அதை 1.2 மைக்ரான் அல்லது அதைவிடச் சிறிய துளை வடிகட்டியோடு ஏற்றச் சொல்வதும் காரணத்தோடுதான்.

என் மருந்து ஊசிப் பேனா கைப்பைக்குள் நன்றாகக் குலுங்கிவிட்டது. நுரை அடங்கிவிட்டது. போட்டுக்கொள்ளலாமா?

நுரை அடங்கியதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிறு திரள்கள் கண்ணுக்குத் தெரியா, அவை சிலருக்கு அந்த மருந்தையே எதிர்க்கும் ஆன்டிபாடிகளை உடலில் தூண்டலாம். பயணக் குலுக்கலைத் தாங்கும்படிதான் மருந்தைத் தயாரிக்கிறார்கள், அதனால் பதற வேண்டாம். ஆனாலும் மருந்தாளுநரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். லேபிள் சொல்வதற்கு மாறாகக் கலங்கலோ துகளோ தெரிந்தால் வேண்டவே வேண்டாம்.

உறைந்து உருகினால்?

உறைந்த மருந்தைப் பயன்படுத்தாதீர்கள். அங்கே காற்றின் வேலையைப் பனிக்கட்டியின் பரப்பும் செய்யும். குளிர்பெட்டியின் உறைநிலைப் பகுதியை ஒட்டி வைக்காதீர்கள்.