எம்3 டேப் உடையாமல் கையால் மரை போடுவது எப்படி?

6 மி.மீ. அலுமினியத் தகட்டில் எம்3 மரை (3 மி.மீ. திருகாணிக்கான மரை) போடப் போய் இரண்டு டேப்கள் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) உடைந்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். 2.5 மி.மீ. துளை சரியான அளவுதான், எண்ணெயும் விட்டிருக்கிறீர்கள். அப்படியும் ஏன் உடைகிறது?

கோவையில் 18 ஆண்டுகளாக ஃபிட்டர் வேலை பார்க்கிறேன். என் கையில் உடைந்த சின்ன டேப்களில் பெரும்பாலானவை சாய்ந்து உடைந்தவை. காடிகள் (சீவல் வெளியேற டேப்பின் நீளத்தில் உள்ள பள்ளங்கள்) போக டேப்பின் நடுவில் மிஞ்சும் எஃகு கோணி ஊசி கனம்கூட இருக்காது. முறுக்கை அது கொஞ்சம் தாங்கும், வளைவைத் தாங்காது. டேப்பைத் திருகும் நீளமான கைப்பிடியான டேப் ரெஞ்சை மாட்டினால் அதன் எடையே டேப்பை ஒரு பக்கம் இழுக்கும். டி வடிவச் சிறிய கைப்பிடி வாங்கி, இரண்டு விரல்களால் மட்டும் திருகுங்கள்.

நேராக இறக்குவதற்கு 8 மி.மீ. கனமுள்ள இரும்புத் துண்டு ஒன்றில் பெஞ்ச் டிரில்லில் 3.1 மி.மீ. துளை போட்டு வைத்திருக்கிறேன். அதைத் துளைக்கு மேல் வைத்து, அதன் வழியாக டேப்பை இறக்குவேன். நாலு சுற்று பிடித்ததும் கழற்றி, துண்டை எடுத்துவிட்டுத் தொடர்ந்தால் டேப் தன் வழியில் போகும்.

அடுத்தது விரலுக்குத் தெரிய வேண்டிய விஷயம். உடைவதற்குச் சற்று முன் கைப்பிடி நகரும், டேப் நகராது. ரப்பரைத் திருகுவதுபோல் இருக்கும். பிடியைத் தளர்த்தினால் கைப்பிடி தானே பின்னால் வரும். அந்த இடத்தில் ஒரு நூலளவும் முன்னே போகாதீர்கள். பின்னால் திருப்பி முழுவதும் வெளியே எடுத்து, காடிகளைப் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு மறுபடி இறக்குங்கள். சாதாரணமாகவே அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. சீவல் முறிவது விரலில் 'டக்' என்று தெரியும்.

டேப்பையும் பாருங்கள். மூன்று டேப் கொண்ட செட்டில் பொதுவாக ஒரு வளையக் கோடு உள்ளது முதல் டேப், இரண்டு கோடு உள்ளது இரண்டாவது, கோடு இல்லாதது கடைசி. கடைசி டேப்பை நேராக இறக்கினால் மொத்த வெட்டும் அதன் தலையில் விழும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் துளையையும் 2.6 ஆக்குவேன். மரையின் ஆழம் முழு ஆழத்தில் ஏறக்குறைய 77 சதவீதத்திலிருந்து 62 ஆகக் குறையும், ஆனால் 6 மி.மீ. தடிமனில் சாதாரண வேலைக்கு அந்தப் பிடிப்பு போதும். திருகும் கைக்கு வித்தியாசம் உடனே தெரியும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், இரும்புக்குத் தேங்காய் எண்ணெய் என்பது எங்கள் பட்டறை வழக்கம். வார்ப்பிரும்புக்கு எதுவும் வேண்டாம்.

உள்ளே சிக்கிய துண்டுகளுக்காகத் தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள். படிகாரத்தை வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் தகட்டை மூழ்க வைத்து, நீரைச் சூடாகவே வைத்திருங்கள். டேப்பைச் சுற்றிக் குமிழ் கிளம்பும். எஃகு கரையும், அலுமினியம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டேப் என்றால் ஓரிரு நாள்கூட ஆகலாம். துண்டு கறுத்து மெலிந்ததும் ஊசியால் தள்ளினால் வந்துவிடும்.