எதைச் சொல்லித்தருவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகத்தில் நுண்கலை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஸ்டுடியோ வகுப்பு எடுக்கிறேன். நான் படித்த காலத்தில் உடலமைப்பு, ஒளிநிழல், வண்ணக்கலவை என்று சொல்லித்தர ஏதோ இருந்தது. இப்போது ஒருவர் காணொலி எடுக்கிறார். இன்னொருவர் பழைய துணிகளைத் தொங்கவிடுகிறார். மூன்றாமவர் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்து இதுதான் என் படைப்பு என்கிறார். திருத்தினால் என் ரசனையைத் திணிக்கிறேனோ என்று தயக்கம். திருத்தாவிட்டால் எதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று கூச்சம். எல்லாமே கலையாகலாம் என்றால் ஆசிரியர் எதைத்தான் சொல்லித்தருவது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கூச்சம் நல்லது. அது இல்லாத ஆசிரியர்களிடம் நான் படித்திருக்கிறேன். ஒருவர் என் கையிலிருந்த தூரிகையை வாங்கி, கேன்வாஸின் இடது மூலையில் நீலத்தில் ஒரு நிழலைப் போட்டுவிட்டு அடுத்த மாணவரிடம் போய்விட்டார். நிழல் சரியாகத்தான் விழுந்திருந்தது. ஆனால் படம் அவருடையதாகிவிட்டது. பிறகு நான் அதைத் தொடவே இல்லை. இதைச் சொல்லும் நானும் பின்னாளில் வகுப்பெடுத்தபோது அதே காரியத்தை வாயால் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். "அந்தச் சிவப்பை எடுத்துவிடலாமே!"

எல்லாமே கலையாகலாம் என்கிறீர்கள். 1917இல் பிரெஞ்சுக் கலைஞர் டூஷாம்ப் சிறுநீர்க் கலத்தைக் கலைப்படைப்பென்று கண்காட்சிக்கு அனுப்பியதிலிருந்து அதை மறுக்க வழியில்லை. ஆனால் அந்த 'லாம்' விகுதியை விட்டுவிடாதீர்கள். ஆகியிருக்கிறதா என்று பார்க்கக் கண் வேண்டும். அதைப் பழக்குவதுதான் உங்கள் வேலை.

ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி 1933இல் மூடப்பட்டதும் அங்கே ஆசிரியராக இருந்த ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் அமெரிக்காவுக்குப் போய் பிளாக் மவுண்டன் கல்லூரியிலும் பிறகு யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். அவருடைய பயிற்சி ஒன்று உண்டு. ஒரே தாளில் வெட்டிய இரண்டு துண்டுகளை வெவ்வேறு பின்னணியில் ஒட்டி, அவை இரண்டு வேறு நிறங்களாகத் தெரியும்படி செய்ய வேண்டும். சாயத்தைவிட வண்ணத்தாளையே அவர் விரும்பினார். குழைத்த சாயம் மறுமுறை அதே நிறத்தில் வராது; தூரிகைத் தடம் ஆயிரம் தவற்றை மூடிவிடும். தாளில் அந்தச் சலுகை கிடையாது. அவரோ 1950இலிருந்து இறக்கும்வரை சதுரத்துக்குள் சதுரமாக வரைந்துகொண்டிருந்தவர். அவரிடம் படித்த ராபர்ட் ராஷன்பர்க், பாடம்செய்த ஆட்டின் இடுப்பில் கார் டயரை மாட்டி வைத்தார். பயிற்சியில் அவ்வளவு கண்டிப்பான ஆசிரியரின் ரசனை மாணவரிடம் ஒட்டவே இல்லை பாருங்கள்.

துணி தொங்கவிடுபவர் விஷயத்துக்கு வருகிறேன். என் வகுப்பில் ஒரு மாணவி பழைய சட்டை ஒன்றை இழை இழையாகப் பிரித்து, நீளவாரியாக ஆணிகளில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் நினைவு, இழப்பு என்று ஒரு விளக்கக் குறிப்பு. எல்லோரும் முதலில் குறிப்பைத்தான் படித்தார்கள். நான் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் அவர் பேசக்கூடாது, மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் நெளிந்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், இழைகள் வெளுத்திருக்கின்றன, ஆனால் சிலவற்றின் நுனியில் மட்டும் நீலம் அப்படியே இருக்கிறது என்றார். தையலுக்குள் மடிந்திருந்த பகுதி. வெயில் படாத இடம். அந்த மாணவியே அதைக் கவனித்திருக்கவில்லை. எழுந்துபோய் ஒரு நுனியை விரலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த மாதம் தையல்களை மட்டும் பிரித்துக் கொண்டுவந்தார். குறிப்பு எதுவும் இல்லை. நான் எதையும் திருத்தவும் இல்லை.

இதற்கு நேரம் பிடிக்கும். கலிஃபோர்னியாவில் கலைஞர் மைக்கேல் ஆஷர் நடத்திய வகுப்பில் ஒரே மாணவரின் படைப்பைப் பற்றிய பேச்சு மணிக்கணக்கில் நீளுமாம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பசி வந்தால் பத்தும் பறக்கும், அதில் ரசனையும் சேர்த்தி.

ஒரு பக்கம் எழுதி வருபவரையும் விரட்டாதீர்கள். 1971இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா கலைக்கல்லூரிக்கு அமெரிக்கக் கலைஞர் ஜான் பால்டஸ்ஸாரி நேரில் போகவில்லை, செய்ய வேண்டியதைக் குறிப்பாக எழுதி அனுப்பினார். 'இனிமேல் சலிப்பூட்டும் கலையைச் செய்ய மாட்டேன்' என்று மாணவர்கள் சுவர் நெடுக, தண்டனை எழுதுவதுபோல, எழுதினார்கள். அங்கே குறிப்பு யாரோ ஒருவரின் கையை வலிக்கச் செய்தது. உங்கள் மாணவரின் பக்கத்தில் சொல்லியிருப்பதை வகுப்பில் ஒருவர் செய்து பார்க்கட்டும். செய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை என்றால் அவருக்கே தெரிந்துவிடும்.

மதிப்பெண் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தலைவலி அங்கேதான் வரும். நோக்கத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். பாதியில் கைவிட்டவை உட்பட எத்தனை முறை செய்து பார்த்தார் என்று கேட்டு, அவற்றையும் மேசையில் பரப்பச் சொல்லுங்கள்.

தாள் பயிற்சியை நடத்தினால் நீங்களும் கூடவே உட்கார்ந்து செய்யுங்கள். நான் ஒருமுறை மாணவர்கள் முன்னால் உட்கார்ந்தேன். 40 நிமிடம் கழித்தும் என்னுடைய இரண்டு பழுப்புத் துண்டுகளும் ஒரே பழுப்பாகத்தான் தெரிந்தன. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்துவந்து, "பின்னணியை மாற்றிப் பாருங்கள் சார்" என்றார்.