கறுப்பு பீர் என்றால் போதை அதிகமா?

கேள்வி: பீரில் லாகர், ஏல், ஸ்டவுட், பில்ஸ்னர் என்று விதவிதமாகப் பெயர் போடுகிறார்களே, நிஜமாகவே வித்தியாசம் உண்டா, இல்லை வெறும் விளம்பரமா? கறுப்பு பீரில் போதை அதிகம் என்பது சரியா?

பதில்: வித்தியாசம் நிஜம்தான். முளைகட்டிய பார்லி (இதைத்தான் மால்ட் என்பார்கள்), கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூ, தண்ணீர், நொதிக்கவைக்கும் ஈஸ்ட் இந்த நான்கும் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. எந்த ஈஸ்ட், எந்தச் சூட்டில் நொதிக்கவிட்டார்கள் என்பதில்தான் குடும்பம் பிரிகிறது. ஏல் ஈஸ்ட் 20 டிகிரி செல்சியஸ் வாக்கில் சில நாட்களிலேயே வேலையை முடித்து, பழவாசனையும் கொடுத்துவிடும். லாகர் ஈஸ்டுக்கு 10 டிகிரி போதும், மெதுவாக நொதிக்கும், அப்புறம் வாரக்கணக்கில் குளிரில் கிடந்தால்தான் அந்தச் சுத்தமான சுவை வரும். பில்ஸ்னர் லாகரில் ஒரு வகை. 1842-ல் பொஹீமியாவின் (இன்றைய செக் குடியரசு) பில்சன் நகரில் யோசஃப் குரோல் என்ற பவேரியர் வெளிர் மால்ட்டையும் அந்த ஊரின் மென்மையான தண்ணீரையும் வைத்துக் காய்ச்சியது. பீர் என்றதும் நம் மனதில் வரும் பொன்னிறம் அங்கிருந்து பரவியதுதான்.

கறுப்பு நிறம் வறுத்த தானியத்திலிருந்து வருகிறது, போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்ட ஸ்டவுட், ஏல் குடும்பத்தின் கறுப்பு வகை. அதில் கன்னங்கரேல் என்றிருக்கும் அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், ஆனால் பார்க்கச் சாதுவாக, பொன்னிறமாக இருக்கும் டிரிப்பெல் என்ற பெல்ஜிய ஏல் 8, 9 சதவீதம் வரை போகும். நிறத்தை நம்பிக் குடிக்காதீர்கள், லேபிளில் சதவீதத்தைப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் பீர் வகைகளிலேயே எனக்குப் பெரிய ஆச்சரியம் அதுதான். பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் லாம்பிக் என்று ஒன்று காய்ச்சுகிறார்கள், அதற்கு ஈஸ்ட்டே போடுவதில்லை. குளிர்மாதங்களில், கொதித்த மால்ட் சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி இரவு முழுக்கத் திறந்தே வைப்பார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாமாக வந்து சேரும். பிறகு மரப்பீப்பாயில் ஓரிரண்டு வருடம், சிலது மூன்று வருடம்கூடக் கிடக்கும். இளசையும் பழசையும் கலந்து பாட்டிலில் அடைத்தால் அது கூஸ். நல்ல புளிப்பு, முதல் வாய்க்குப் பலருக்குப் பிடிக்காது, இரண்டாவது வாய்க்கும் அவகாசம் கொடுங்கள்.

கேள்வி: இந்தப் புதுப்பாணி ஐபிஏ எப்படி?

பதில்: ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலான பழைய ஆங்கிலேய வகை. 1970-களுக்குப் பிறகு அமெரிக்கர்கள் கேஸ்கேட் போன்ற தங்கள் ஹாப்ஸைப் போட்டு ஆரஞ்சு, கிரேப்ஃபுரூட் வாசனையோடு அதை வேறாக்கிவிட்டார்கள். அந்த வாசனை சில மாதங்களிலேயே மங்கிவிடும் என்பதால், ஐபிஏ வாங்கும்போது மட்டும் தயாரித்த தேதியைக் கட்டாயம் பாருங்கள்.