கடன் வாங்கிப் படிக்க அனுப்பினால் சைக்கிள் பந்தயமா? லீட்ஸில் படிக்கும் மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. படிக்கப் போன இங்கிலாந்தில் மகள் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறாளே என்று கவலைப்பட்டு நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். ஞாயிறன்று உங்கள் மகளிடமும் ஒரு மணி நேரம் பேசினேன். பேச்சுவாக்கில் கையைத் தூக்கியபோது முழங்கையில் பொருக்குத் தட்டிய சிராய்ப்பு தெரிந்தது. சட்டென்று ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள். உங்களிடம் சொல்லலாமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், திட்டாதீர்கள்.

முதல் பந்தயத்தில் மூன்றாவது சுற்றிலேயே கூட்டத்திலிருந்து பின்தங்கிவிட்டாளாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரிட்டனில் புதிதாக வருகிறவர்கள் நான்காம் பிரிவில், அதாவது அடிமட்டப் பிரிவில் தொடங்குவார்கள். பெண்கள் பந்தயத்துக்கு ஆள் குறைவு என்பதால் பல இடங்களில் எல்லாப் பிரிவினரையும் ஒன்றாகவே ஓடவிடுகிறார்கள். பத்து வருடம் ஓட்டியவரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். வளைவில் பயந்து பிரேக்கைத் தொட்டால் இடைவெளி விழும். பிறகு காற்றைத் தனியாகக் கிழித்துக்கொண்டுதான் அதை அடைக்க வேண்டும். காலில் பலம் இருந்தும் அங்கேதான் புதியவர்கள் தோற்கிறார்கள். இரண்டாவது பந்தயத்தில் வளைவில் விழுந்தாள். மூன்றாவதில் கூட்டத்தோடே கோட்டைத் தாண்டினாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"கறுத்துப் போயிடுவாளே" என்றும் கேட்டீர்கள். லீட்ஸ் இருக்கும் யார்க்‌ஷயர் வெயிலுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது அம்மா.

இனி விசா, பணம், படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். மாணவர் விசாவில் இருப்பவர் தொழில்முறை விளையாட்டு வீரராக வேலை செய்யக் கூடாது. படிப்பு முடிந்து வாங்கும் பட்டதாரி விசாவிலும் இதே தடைதான். பொழுதுபோக்காகப் பந்தயம் ஓட்டலாம். ஆனால் ஏதாவது அணி சம்பளம், ஒப்பந்தம் என்று பேசினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் பல்கலைக்கழக விசா அலுவலகத்தில் எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அந்த நிலை இப்போதைக்கு வராது. நான்காம் பிரிவிலிருந்து மூன்றுக்குப் போக 12 புள்ளி, அடுத்ததற்கு 40, முதல் பிரிவுக்கு 200. மேலே போனாலும் பணம் எல்லோருக்கும் இல்லை. உலகின் உச்ச மகளிர் அணிகளுக்கே குறைந்தபட்சச் சம்பளம் 2020இல்தான் வந்தது, அதுவும் ஆண்டுக்கு 15,000 யூரோ. பிறகு உயர்த்தினார்கள். சிறிய அணிகளில் செலவுக்காசு கிடைத்தாலே பெரிது.

அன்னா கீசென்ஹோஃபர் பெயரை அவள் உங்களிடமும் சொல்லியிருப்பாள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கணித ஆய்வாளர். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் 137 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்தில் தொடக்கத்திலேயே பிய்த்துக்கொண்டு போய்த் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த நெதர்லாந்து வீராங்கனை, முன்னால் இன்னும் ஒருத்தி இருந்ததே தெரியாமல், ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கைகளை உயர்த்தினார்! இந்தக் கதையில் உங்கள் மகள் தங்கத்தைப் பார்க்கிறாள். எனக்குக் கண்ணில் படுவது 2016. அந்த ஆண்டுதான் அவர் பார்சிலோனாவில் முனைவர் பட்டம் முடித்தார். பிரான்சில் மோன் வான்டூ மலையேற்றப் பந்தயத்தில் வென்றதும் அதே ஆண்டுதான். தொழில்முறை அணியில் சேர்ந்தது அதற்கடுத்த வருடம். அது சரிப்படாமல் விலகியபோது திரும்பிப்போகக் கையில் கணிதம் இருந்தது.

அதனால் சைக்கிளை விடச் சொல்லி நான் சொல்லவில்லை. ஆனால் ஓராண்டு முதுகலையில் ஆய்வறிக்கை எழுதும் கோடைதான் பந்தயக் காலமும்; இடிக்கப்போவது அங்கேதான். ஜூன் முதல் அறிக்கை கொடுக்கும்வரை மாதம் ஒரே பந்தயம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். பெரிய நிறுவனங்களின் வேலை விண்ணப்பங்கள் இலையுதிர் காலத்தில் திறக்கும். அவற்றை டிசம்பருக்குள் முடித்துவிட்டால், குளிர்காலப் பயிற்சிக்கு நானே கேள்வி கேட்க மாட்டேன். விழுந்தால் செலவு? விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள், அரசு மருத்துவமனையில் பார்ப்பார்கள். பல் வைத்தியத்துக்கும் எழுதித் தரும் மருந்துக்கும் தனிக் காசு.

உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கல்விக் கடனின் முதல் தவணை எந்த மாதம் தொடங்குகிறது என்று வங்கியில் கேட்டு, அந்தத் தேதியை அவளுக்கு அனுப்புங்கள். கூடவே அறிவுரை வேண்டாம், தேதி மட்டும். கணக்குப் போட அவளுக்குத் தெரியும்.