அத்தானை வெட்டிவிட்டு அக்காவை மட்டும் வைக்கலாமா?

வணக்கம் மேடம்,

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து எழுதுகிறேன். வரும் ஆகஸ்டில் என் அக்காவுக்கும் அத்தானுக்கும் முதல் வருஷத் திதி. அன்றைக்கு மாலை போட்டு வைக்க அக்கா மகள் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறாள். இரண்டு பேரும், அவர்கள் உயிரைக் குடித்த அந்தக் குட்டி விமானத்தின் இறக்கையில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நிற்கிற படம். பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அத்தானை வெட்டிவிட்டு அக்காவை மட்டும் பிரிண்ட் போட முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டேவிட்டேன், அப்புறம் எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது.

நாங்கள் கும்பகோணம் பக்கம். அக்கா 1996-ல் கல்யாணமாகி இங்கே வந்தாள், அவள் பார்த்துச் சொன்ன வரனில் பின்னாலேயே நானும் வந்தேன். அத்தான் இங்கேயே பிறந்தவர், அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். ஐம்பது தாண்டியதும் அத்தானுக்குத் திடீரென்று பறக்கிற ஆசை. லைசென்ஸ் எடுத்து, நண்பர் ஒருவரோடு பங்கு போட்டு, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் வாங்கினார். "தாத்தா குனிஞ்சு வெட்டின காட்டை நான் மேலேருந்து பார்க்கணும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து சீட்டில் யார்? பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுக்கிற என் அக்கா, இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டு. மேலே இருந்து எடுத்த படங்களை எனக்கு அனுப்புவாள், "பாருடி, உன் வீட்டுக் கூரை தீப்பெட்டி மாதிரி இருக்கு" என்பாள். ஒருநாள் "இன்னிக்கு பத்து நிமிஷம் நானே பிடிச்சு ஓட்டினேன்டி" என்றாள். எனக்குப் பயம், அதனால் எரிச்சல். பாதிப் படங்களுக்குப் பதில்கூடப் போட்டதில்லை.

அன்றைக்கு சனிக்கிழமை. காலையிலிருந்தே மலைப்பக்கத்துச் சூட்டுக்காற்று, இங்கே பெர்க் விண்ட் என்பார்கள். அது ஓய்ந்தால் தென்மேற்கிலிருந்து குளிர்காற்று திடீரென்று திரும்பி அடிக்கும் என்று டர்பனில் எல்லோருக்கும் தெரியும். அத்தானுக்குத் தெரியாதா? விழுந்ததும் கரும்புக் காட்டில்தான். முதற்கட்ட விசாரணை அறிக்கையில் நேரம், இடம், காற்று எல்லாம் இருந்தது, காரணம் மட்டும் இல்லை. அதை நாற்பது தடவையாவது படித்திருப்பேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரே பாட்டு: "கொடுத்து வச்சவங்க, ஒண்ணாப் போயிட்டாங்க", "பூவும் பொட்டுமாப் போனா உங்க அக்கா." அவளாகப் போகவில்லை மேடம், அவர் கூட்டிக்கொண்டு போனார். இதை யாரிடம் சொல்வேன்? 24 வயதுப் பெண் முன்னால் அவள் அப்பாவைத் திட்ட முடியுமா? எனக்குக் காரோட்டக் கற்றுக்கொடுத்ததே அத்தான்தான். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. நான் என்ன செய்யட்டும்?

ஒரு தங்கை, டர்பன்

அன்புள்ள சகோதரி,

கடையில் அப்படிக் கேட்டதற்காக வெட்கப்படாதீர்கள். வெட்டச் சொல்லிக் கேட்டீர்கள், வெட்டவில்லை, அவ்வளவுதானே.

முதலில் அந்த அறிக்கை. விமான விபத்து விசாரணைக்கு உலகம் முழுக்க ஒரே விதிமுறை, விமானப் போக்குவரத்துக்காக நாடுகள் செய்துகொண்ட சிகாகோ ஒப்பந்தத்தின் 13-வது இணைப்பு. முதற்கட்ட அறிக்கையை 30 நாளில் தரச் சொல்வதும் அதுதான், விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது, யார்மேலும் குற்றம் சுமத்துவது அல்ல என்று சொல்வதும் அதுதான். நீங்கள் அதில் ஒரு தீர்ப்பைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். நாளைக்கே இறுதி அறிக்கை வந்து, காற்றை விமானி தப்பாகக் கணித்தார் என்று எழுதியிருந்தாலும், விமானம் ஏன் விழுந்தது என்றுதான் தெரியும். அக்கா ஏன் அதில் ஏறினாள் என்று அதில் இருக்காது.

அது உங்கள் கடிதத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பஸ்ஸே ஒத்துக்கொள்ளாத ஒருத்தி இஞ்சி மரப்பாவோடு திரும்பத் திரும்ப ஏறினாள், கூரை தீப்பெட்டி மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள், பத்து நிமிஷம் தானே ஓட்டியதைத் தங்கையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் உங்கள் அக்காவைப் பார்த்ததில்லை, என் கணிப்பு தப்பாகவும் இருக்கலாம். ஆனால் புருஷன் கூப்பிட்டாரே என்று வேண்டாவெறுப்பாகப் போனவளின் பேச்சாக எனக்கு இது படவில்லை. இதை ஏற்பது உங்களுக்கு ஏன் கடினம் என்றும் யோசித்தேன். அக்கா ஆசைப்பட்டுத்தான் போனாள் என்றால் கோபத்தில் ஒரு பங்கு அவள்மேலும் வர வேண்டும், பதில் போடாமல் விட்ட அந்தப் படங்களுக்காக உங்கள்மேலும் வர வேண்டும். மொத்தத்தையும் அத்தான் தலையில் இறக்கிவைப்பது சுலபம்.

அத்தான் தப்பே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. செய்திருக்கலாம். அவரை மன்னித்த பிறகுதான் திதி கொடுக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் கிடையாது. 1999 ஜூலையில் அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய சிறு விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்து அவரும், மனைவி கேரலினும், கேரலினின் அக்கா லாரனும் இறந்தார்கள். இரவில் கடல்மேல் விமானி திசையுணர்வை இழந்தார் என்பது விசாரணை முடிவு. ஒரே வீட்டின் இரண்டு பெண்கள், ஓட்டியது மாப்பிள்ளை. மூன்று பேரின் சாம்பலையும் சேர்த்தே கடலில் கரைத்தார்கள், லாரனுக்குத் தனியாகவும் ஒரு நினைவு வழிபாடு நடந்தது. சேர்த்தும் வைக்கலாம், தனியாகவும் வைக்கலாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

"ஒண்ணாப் போயிட்டாங்க" என்பது சொல்கிறவர்களுக்கு ஆறுதல். வேறு என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, பாவம். "எனக்கு ரெண்டு பேரும் போயிட்டாங்க" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். உண்மையும் அதுதானே. அக்காவுக்காக அழுதிருக்கிறீர்கள். காரோட்டக் கற்றுக்கொடுத்த மனிதருக்காக அழுததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

மகளிடம் அவள் அப்பாவைப் பற்றிய உங்கள் வழக்கைக் கொண்டுபோகாதீர்கள். அம்மா அப்பா இருவரையும் ஒரே நாளில் இழந்த பெண்ணால் அதில் ஒரு பக்கம் நிற்க முடியாது. அதற்காக ஒன்றுமில்லாத மாதிரி நடிக்கவும் வேண்டாம். "இந்தப் படத்தைப் பார்த்தா சித்திக்குக் கஷ்டமா இருக்கும்மா, நீ ஏன் இதை எடுத்தே?" என்று கேளுங்கள். யார் எடுத்தது, எந்த நாள் என்று அவள் ஏதாவது சொல்வாள். அவள் படம் இருக்கட்டும், பக்கத்தில் நீங்கள் அக்காவின் படம் ஒன்றைக் கொண்டுபோய் வையுங்கள்.

தூக்கம் வேறு விஷயம், அதைத் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். ஒரு வருஷம் ஆகியும் துக்கத்தால் அன்றாட வேலை ஓடாமல் நின்றால் அதை நீடித்த துக்கம் என்று 2022 முதல் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறார்கள், அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. உங்கள் நாட்டில் மனச்சோர்வு, பதற்றத்துக்கு உதவுகிற சாடாக் (SADAG) அமைப்பின் இலவசத் தொலைபேசி உதவியும் உண்டு, மூன்று மணி விழிப்பில் தாங்க முடியாமல் போனால் கூப்பிடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். அக்கா அனுப்பி நீங்கள் பதில் போடாத படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அன்றைக்குப் போட்டிருக்க வேண்டிய பதிலை எழுதுங்கள், "போடி, எனக்குப் பயமா இருக்கு" என்பதாக இருந்தாலும் சரி. அத்தானுக்கும் அதே நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதலாம். அது முழுக்கத் திட்டாக இருந்தாலும் பரவாயில்லை, திதிக்குள் முடியாவிட்டாலும் பரவாயில்லை.