டிஸ்க் பிதுக்கத்துக்கு ஃபியூஷன் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பத்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள்?

டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை; ஃபியூஷன் என்றால் பக்கத்துப் பக்கத்து எலும்புகளை ஒன்றாக ஒட்டவைப்பது. எனக்கு எல்4-எல்5 இடத்தில், அதாவது இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே, நான்கு ஸ்க்ரூ, இரண்டு ராடு போட்டு 11 வருடம் ஆகிறது. உங்களுக்கு டாக்டர் தேதி கொடுத்துவிட்டார், தூக்கம் வராமல் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், சரியா? நானும் அப்படித்தான் தேடினேன்.

கால் பிழைத்தது. இடுப்பிலிருந்து பெருவிரல் வரை சுண்டி இழுத்த வலி, மயக்கம் தெளிந்தபோதே இல்லை. இன்றுவரை திரும்பவும் இல்லை. முதுகு வேறு கதை. காலையில் பலகை வைத்துக் கட்டியது மாதிரி இறுக்கம், அரை மணி நேரம் நடந்தால்தான் இளகும். குனிந்து சாக்ஸ் போட வராது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தூக்கி மறு தொடைமேல் வைத்துக்கொண்டு போடுகிறேன். இரண்டு எலும்பும் ஒன்றாகக் கூடுவதற்கே பத்து மாதம் பிடித்தது. சிகரெட்டை விட்டதால் அதாவது கூடியது.

ஆபரேஷனுக்கு முன் என் காதில் சரியாக விழாத விஷயம் ஒன்று: இரண்டு எலும்பை ஒட்டிவிட்டால், அங்கே நின்றுபோன அசைவின் பாரம் மேலே இருக்கும் டிஸ்க்கின் தலையில் விழும். ஒன்பதாவது வருடம் என் எல்3-எல்4 மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஆண்டுக்கு 100 பேரில் 2, 3 பேருக்கு இப்படித் தொல்லை வருவதாகச் சொல்கிறார்கள். சின்ன எண்தான், பத்து வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். இப்போதைக்கு பிசியோதெரபியில் ஓட்டுகிறேன்.

"எங்கள் மாமா ஃபியூஷன் செய்துவிட்டு மலை ஏறுகிறார்" என்று சொல்ல யாராவது கிளம்பி வருவார்கள். ஏறட்டும், சந்தோஷம். நான் டாக்டர் இல்லை, பயமுறுத்தவும் வரவில்லை. வெறும் பிதுக்கம் என்றால் பலருக்கு ஆபரேஷனே இல்லாமல் சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. அடங்காவிட்டாலும் பிதுங்கியதை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் போதும். எனக்கு இரண்டு முறை எடுத்தும் மறுபடி பிதுங்கியது, எலும்பும் நழுவியிருந்தது, அதனால்தான் ஸ்க்ரூ. உங்களுக்கு எதனால் என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ மட்டும் கேள்வியெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். ஆபீஸில் என் முதுகுக்கென்று சொந்தக் காசில் வாங்கிப் போட்ட நாற்காலி இருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டால் போதும், எவனோ உட்கார்ந்து உயரத்தை இறக்கி வைத்துவிடுகிறான். பெயர் எழுதி ஒட்டினேன். ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு உட்காருகிறான்.