உறுப்போடு வந்த உண்ணிக் காய்ச்சல்: மருத்துவர் பதில்கள்

உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் வரும் தொற்றுகளைப் பார்க்கும் மருத்துவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

சிறுநீரகம் பெற்று மூன்று மாதம் ஆகிறது. உண்ணி என்னைக் கடித்ததே இல்லை. எனக்கும் இந்தக் காய்ச்சல் வருமா, டாக்டர்?

அரிதாக வரலாம். கடிபட்டவர் பெரும்பாலும் கொடையாளராக இருப்பார். எர்லிக்கியா என்ற பாக்டீரியா வெள்ளணுக்குள் வாழ்வது, பாபேசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுக்குள் வாழ்வது. உறுப்பை எவ்வளவு அலசினாலும் சில அணுக்கள் உள்ளே தங்கிவிடும். கொடையாளரையே உண்ணி கடித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் ஒருவருக்குக் கடைசி நேரத்தில் ஏற்றிய ரத்தத்தில் பாபேசியா இருந்து, அவருடைய சிறுநீரகங்களைப் பெற்ற இருவருக்கும் அது போய்ச் சேர்ந்தது.

மூன்று மாதம் நலமாகக் கடந்திருக்கிறீர்கள். கொடையாளர் வழி வரும் எர்லிக்கியா பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தலைகாட்டிவிடும்.

எல்லாக் கொடையாளருக்கும் முன்பே பரிசோதித்தால் என்ன?

உறுப்பு காத்திருப்பது சில மணி நேரம்தான், தொற்றோ மிக அரிது. உண்ணி உள்ள பகுதியில் நடமாடினாரா, சமீபத்தில் காய்ச்சல் கண்டதா என்று குடும்பத்தாரிடம் கேட்பதுதான் இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்துவரும்.

நான் பயிற்சி மருத்துவர். சிறுநீரகம் பெற்ற ஒருவருக்கு இரண்டாம் வாரத்தில் கடும் காய்ச்சல். தட்டணுவும் வெள்ளணுவும் சரிகின்றன, கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன. செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குக்கும் கேட்கவில்லை.

கேட்காது. அந்த மருந்துகள் தாக்கும் செல்சுவர் எர்லிக்கியாவிடம் இல்லை. வேறு காரணங்களையும் தேடுங்கள். ஆனால் இந்தச் சந்தேகம் எழுந்த அன்றே, மூத்த மருத்துவரிடம் சொல்லி, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்குங்கள்: 100 மி.கி., நாளுக்கு இருமுறை. முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் நோயாளி கைநழுவிப் போகலாம். எதிர்ப்புரத (ஆன்டிபாடி) பரிசோதனையை நம்பி உட்காராதீர்கள். முதல் வாரத்தில் அது நோய் இருந்தும் இல்லை என்று பொய் சொல்லும், புது உறுப்பை உடல் ஒதுக்காமலிருக்க நிராகரிப்புத் தடுப்பு மருந்து எடுப்பவரிடம் அதற்குப் பிறகும் சொல்லலாம்.

இன்னொரு வேலையும் உண்டு, அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது. அதே கொடையாளரின் மற்ற உறுப்புகள் யாருக்குப் போயின? உறுப்பு தான ஒருங்கிணைப்பாளரை உடனே அழையுங்கள். இன்னொரு ஊரில் இன்னொரு மருத்துவர் இதே காய்ச்சலை நிராகரிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் டாக்சிசைக்ளின் போதுமா?

போதாது. பாபேசியாவுக்கு அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் வேண்டும். உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு மருந்தே கிடையாது. போலந்தில் ஒரே கொடையாளரிடமிருந்து சிறுநீரகம் பெற்ற இருவரும் கல்லீரல் பெற்ற ஒருவரும் அதனால் இறந்தார்கள். 2017இல் வெளியான அந்த அறிக்கையைப் படித்த நாளிலிருந்து, கொடையாளர் எங்கே வசித்தார் என்று கேட்காமல் நான் எந்தக் காய்ச்சலையும் பார்ப்பதில்லை.

போன வாரம் தம்பியின் உறுப்புகளைத் தானம் கொடுத்தோம். அவன் உடம்பிலிருந்து உண்ணி எடுத்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. சொன்னால் தப்பாக நினைப்பார்களோ?

நினைக்கவே மாட்டார்கள் அம்மா. உங்களிடம் பேசிய ஒருங்கிணைப்பாளரை இன்றே அழைத்து, எப்போது, எந்த இடத்தில் கடித்தது, காய்ச்சல் இருந்ததா என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு வாரம்தான் ஆகிறது, இன்னும் நேரம் இருக்கிறது.